அத்தானுக்கு ஒத்துவராத வண்டி

திருநாவுக்கரசுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஜீப் ஆசை வந்தது. குடியிருப்பது தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். நடுவில் ஏறுவதற்கு மலையும் இல்லை, இறங்குவதற்கு ஆறும் இல்லை, நல்ல தார்ச்சாலைதான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி எதற்கு என்று மனைவி நல்லம்மாள் கேட்டதற்கு, "புடிச்சிருக்கு" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே அபூர்வம் என்பதால் நல்லம்மாள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"வாங்குங்க. ஆனா தயாளன கூட்டிட்டுப் போங்க. ஒங்கள தனியா அனுப்புனா எவனாச்சும் துருவுக்கு பெயிண்ட் அடிச்சு தலையில கட்டிருவான்."

தயாளன் நல்லம்மாளின் தம்பி. கெலுகோரில் வீடு, தண்ணீர் வடிகட்டி விற்கிற வேலை. ஆனால் குடும்பத்தில் அவனுக்கு வண்டி டாக்டர் என்று பெயர். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கார் கிளம்பாமல் எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றபோது, பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "பேட்டரி" என்றான். பேட்டரியேதான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் அவனைக் கேட்காமல் ஒரு சைக்கிள்கூட வாங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் கிளம்பினார்கள். முதலில் அத்தான் செலவில் ரொட்டி சானாய், பிறகு வண்டி. தயாளன் சட்டைப்பையில் ஒரு காந்தமும் கையில் ஒரு டார்ச்சும் இருக்கும். போனதும் பானட்டின் மேல் கையை வைப்பான். சூடாக இருந்தால், "நாம வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான் அத்தான், என்னமோ மறைக்கிறான்" என்பான். புக்கிட் மெர்த்தாஜாமில் பார்த்த வண்டியின் கதவில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் துருவை மறைத்த பூச்சுதான், இரும்பு இல்லை. கூலிமில் பார்த்தது நீலப் புகை விட்டது. ஜெலுத்தோங்கில் ஒன்றின் தரைவிரிப்பைத் தூக்கினால் காய்ந்த சேறு. வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டி. ஒவ்வொன்றையும் தயாளன் தள்ளத் தள்ள, திருநாவுக்கரசுக்கு மச்சான் மேல் மரியாதை கூடியது. நல்லம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை.

கடைசியில் பாலத்துக்கு அப்பால் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு தகவல் வந்தது. ஷேக் அலாவுதீன் என்பவர் அங்கே நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார். ஊருக்கு வெளியே அவருக்குக் கொஞ்சம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமும் இருந்தது. தோட்டத்துக்குப் போய்வர வைத்திருந்த ஜீப்பில் ஏற இப்போது முழங்கால் விடவில்லை என்பதால் விற்கிறார்.

கரும்பச்சை நிறம், பெட்டி போன்ற உடம்பு, வட்ட விளக்கு. அதைப் பார்த்ததுமே திருநாவுக்கரசு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எனக்கு காடியப் பத்தி ஒன்னும் தெரியாது தம்பி," என்றார் ஷேக் அலாவுதீன். "ஏறி உக்காந்தா போகும், அவ்வளவுதான் தெரியும். நீங்களே நல்லா பாத்துக்குங்கலா. ஒரு தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

தயாளன் பானட்டைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. காந்தத்தை வைத்தான். போட்ட இடத்தில் ஒட்டியது. பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தான். வழக்கமாக அடியில் போன கையோடு "ஆஹா, அத்தான்!" என்று ஒரு குரல் வரும். அன்று சத்தமே இல்லை. திருநாவுக்கரசு தேநீரைக் குடித்து முடித்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மச்சானின் காலணிகள் அசையவில்லை.

எழுந்து வந்தவன் சாவியை வாங்கிக்கொண்டு தோட்டப் பாதையில் விட்டான். முந்தின நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. கியருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கம்பியைத் தள்ளியதும் நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு, எருமை கரையேறுவது போல வண்டி மேட்டில் ஏறியது. திருநாவுக்கரசு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"நானும் ஒரு ரவுண்டு ஓட்றேன் தயாளா."

"இருங்க அத்தான். சத்தம் கேக்கணும்."

திரும்பி வரும்வரை அவன் ஸ்டியரிங்கை விடவே இல்லை. இறங்கியதும் அத்தானை ரம்புத்தான் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"வேணாம் அத்தான்."

"ஏன்? நல்லாதானே ஏறுச்சு?"

"ஏறும். நோய் உள்ள இருக்கு. சேசிஸ் பின்பக்கம் துரு புடிச்சு பிஸ்கட் மாதிரி ஆயிருச்சு. எஞ்சின் ஆயில்ல தண்ணி கலக்குது. நாலு சக்கரத்துக்கும் பிரிச்சு விடுற கியர் பாக்ஸ் இன்னும் கொஞ்ச நாள்ல கைய விரிச்சிரும். இத வாங்குனா நீங்க வீட்ல தூங்க மாட்டீங்க, வொர்க்ஷாப்லதான் தூங்குவீங்க."

கல்யாணம் நின்றுபோன வீட்டுக்காரர் போல திருநாவுக்கரசு கிழவரிடம் போய்ச் சொன்னார். ஷேக் அலாவுதீன் வருத்தப்படவில்லை. "அதுக்குன்னு ஒரு ஆளு வருவாங்க தம்பி," என்றார். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வரும்வரை தயாளன் வாயைத் திறக்கவில்லை. நமக்காக மனசு கஷ்டப்படுகிறான் என்று நினைத்த திருநாவுக்கரசு, அவனுக்கு இரவுச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் தயாளன் மகளின் பிறந்தநாளுக்குப் போனார்கள். வாசலில் அந்தக் கரும்பச்சை ஜீப் கழுவித் துடைத்து நின்றது. திருநாவுக்கரசு முதலில் அதே மாதிரி வேறொன்று என்றுதான் எண்ணினார். மனிதன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எண் பலகையைப் படிக்காமல் இருக்க முடியாதே!

"அது வந்து அத்தான்," என்றான் தயாளன், கையில் கேக் தட்டோடு. "ஒங்களுக்கு ஒத்துவராத காடி. இந்த மாதிரி வண்டியெல்லாம் விஷயம் தெரிஞ்சவன் கையில இருந்தாதான் அடங்கும். ஒங்க நல்லதுக்குத்தான்…"

திருநாவுக்கரசு கேக்கை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தயாளனின் மனைவி காமினியிடம் சொன்னார். வேறென்ன செய்வது? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவர் பூனையோடு சண்டை போட முடியுமா? வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறக்கும் முன்பே நல்லம்மாள் ஆரம்பித்தாள். "என் தம்பிங்கிறதுக்காகச் சொல்லல, அவன் சின்னதுலயே அப்படித்தான். என் பலகாரத்துல எறும்பு இருக்குன்னு சொல்லி அவன் தின்னுருவான்."

"அது எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றார் திருநாவுக்கரசு.

ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை. அந்த வாரமே பாலத்தின் நடுவில் ஜீப் கொதித்து நின்றது. இழுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தால், ஆயில் மூடியின் உள்பக்கம் பால் ஊற்றின கோப்பி போல வெளுப்பு. ஆயிலில் தண்ணீர். அதைச் சரிசெய்து எடுத்து வந்தால் நாலு சக்கரக் கம்பி விழ மறுத்தது. வண்டியை மேலே தூக்கிப் பார்த்த பட்டறை ஃபோர்மேன், பின்பக்கச் சேசிஸைத் தட்டினார். துரு உதிர்ந்து அவர் செருப்பின் மேலேயே கொட்டியது. தயாளன் சொன்ன மூன்று குறையும், சொல்லிவைத்த மாதிரி, ஒன்றுகூடத் தப்பாமல் இருந்தது.

இது குடும்பத்தில் பரவியது. வேடிக்கை என்னவென்றால், தயாளனின் புகழ் அதனால் இரண்டு மடங்கானது. "அடியில படுத்து ஒரு பார்வை பாத்தான், மூனையும் சொல்லிட்டானாம்" என்று ஈப்போ வரைக்கும் பேச்சு. தெரிந்தே ஏன் வாங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவர் கேட்டார். ஒரு நாள் தயாளன் சோர்ந்துபோய் சுங்கை பினாங்குக்கு வந்து உட்கார்ந்தபோது, திருநாவுக்கரசு கதவைச் சாத்திவிட்டு, "உண்மையச் சொல்லு. அன்னிக்கு அடியில என்னத்தப் பாத்த?" என்றார்.

தயாளன் தலையைத் தடவிக்கொண்டான். "ஒன்னும் பாக்கல அத்தான். நிமுந்து படுத்துக்கிட்டு, இது நம்மகிட்ட இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் வாய்க்கு வந்ததச் சொன்னேன். அது அப்படியே இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

திருநாவுக்கரசுக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார்.

"காமினி தெனமும் சண்ட போடுறா," என்று தொடர்ந்தான் தயாளன். பிறகு குரலை மாற்றி, தண்ணீர் வடிகட்டி விற்கிற குரலில், "நீங்க எடுத்துக்கிறீங்களா அத்தான்? சும்மா சொல்லக்கூடாது, நல்ல காடி. எஞ்சினெல்லாம் கல்லு மாதிரி…"

"பொறு. நான் பாக்கணும்," என்றார் திருநாவுக்கரசு.

இந்த முறை அவர் மச்சானைக் கூப்பிடவில்லை. ஃபோர்மேனின் பட்டறைக்குப் போய், வண்டியைத் தூக்கச் சொல்லி, அடியில் நின்று தானே அண்ணாந்து பார்த்தார். துரு தின்ற இடத்தை விரலால் தொட்டார். வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து ஒட்டலாம், கியர் பாக்ஸுக்குப் பழைய பாகம் கிடைக்கும், ஆனால் இந்த வண்டிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று ஃபோர்மேனும் கேட்டார். திருநாவுக்கரசு யோசித்தார். இதில் உள்ள கெட்டது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்களில் ஒருவரைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. வாங்கிவிட்டார்.

வேலை முடிந்து வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவ் மலைச்சாலையில் போனார்கள். தார் முடிந்து டுரியான் தோட்டத்துச் செம்மண் பாதை ஆரம்பித்த இடத்தில் திருநாவுக்கரசு கம்பியைத் தள்ளினார். ஒரு குலுக்கல், ஒரு உறுமல், வண்டி ஏறத் தொடங்கியது. முன்னிருக்கையில் நல்லம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்; பாதி மேட்டில் பயம் போய், "இன்னும் கொஞ்சம் வேகமா போங்க," என்றாள்.

பின்னிருக்கையில் தயாளன் எட்டி எட்டி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"நானும் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா அத்தான்?"

"இரு தயாளா," என்றார் திருநாவுக்கரசு. "சத்தம் கேக்கணும்."

நல்லம்மாள் திரும்பித் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. மேலே போனதும் மரத்தடியில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் டுரியான் வாங்கிச் சாப்பிட்டார்கள். எது நல்ல பழம் என்று தட்டிப் பார்த்துச் சொல்கிற வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டார்கள்.