மைனஸ் இருநூற்று அறுபது டிகிரிக் கண்ணாடி

கண்ணாடித் தொழிற்சாலையில் அவருக்குத் தசமம் என்று பெயர். மணி கேட்டால் எட்டே முக்கால் என்று சொல்லாமல் எட்டு புள்ளி ஏழு ஐந்து என்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

கண்ணாடி எப்போது ஆறும் என்று சொல்வதுதான் அவர் வேலை. மீன் காட்சியகத்து ஜன்னலுக்காக ஒரு சாண் கனத்தில் வார்த்த பாளம் ஒன்று சூளைக்குள் பல நாளாக ஆறிக்கொண்டிருந்தது. அதன் முகத்துச் சூட்டை மானி காட்டும். வயிற்றுக்குள் இருக்கிற சூட்டைக் கணக்குதான் காட்ட வேண்டும். நடுவயிறு முகத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது கதவைத் திறந்தால் பாளம் பிளந்துவிடும்.

போன பாளம் அப்படித்தான் பிளந்தது. அன்று மேனேஜர் திட்டவே இல்லை. அதுதான் பயம்.

"அடுத்ததும் போச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க. பெட்டியில வைக்கோல் திணிக்கற வேலை. அதுக்குப் புள்ளி தேவைப்படாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாளத்தின் முகம் அறுபது டிகிரி, நடுவயிறு நூற்றெண்பது. முகத்தைச் சூளை அறுபதிலேயே பிடித்து வைத்திருக்கும்; வயிறுதான் இறங்க வேண்டும். தசமம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட நோட்டை விரித்தார். பாளத்தின் கனத்தை ஆறு துண்டாகப் பிரித்துக்கொள்வார். ஒவ்வொரு இடமும் தன் இரண்டு பக்கத்துச் சூட்டையும் பார்த்துத் தன் சூட்டை மாற்றிக்கொள்ளும். கால் மணிக்கு ஒரு வரி. தன் சூட்டில் பாதி, இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால். கூட்டினால் கால் மணி கழித்து என்ன சூடு என்று தெரிந்துவிடும்.

ஆனால் நாள் முழுக்கக் கால் மணி கால் மணியாக எழுதினால் கை ஓய்ந்துவிடும். அதோடு, தையல் இயந்திரத்தை ஜன்னலோரம் நகர்த்தித் தரச்சொல்லி மனைவி நான்கு ஞாயிறாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு வம்பு என்று தசமம் ஒரே தாவாக ஒரு மணிக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டார். சூத்திரத்தில் போட்டதும் அதுவும் அழகாகச் சுருங்கியது. இரண்டு பக்கத்தையும் கூட்டு, தன்னைக் கழி. அவ்வளவுதான்.

மூன்றாம் வரியில் நடுக்கட்டம் அறுபதுக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் நூற்று நாற்பது நின்றதைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. சூளைக் கொட்டகைக்குப் போன் போட்டார். எடுத்தவர் மனைவியின் அண்ணன். முப்பது வருஷமாகச் சூளையைக் கட்டி மேய்ப்பவர்.

"மச்சான், பத்து மணிக்குத் திறந்துடலாம்."

"பத்துக்கா? கதவுல கை வைக்க முடியல, மாப்ளே."

"கை வேற, கணக்கு வேற."

"அது சரி. எம் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவா" என்று அவர் போனை வைத்துவிட்டார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று தசமத்துக்கு விளங்கவில்லை. மச்சான் பேச்சில் பாதி அப்படித்தான்.

தேநீர் குடித்துக்கொண்டே, நோட்டில் இடம் இருக்கிறதே என்று இன்னும் மூன்று வரி போட்டார். நடுக்கட்டம் இருநூற்று இருபதானது. அடுத்த வரியில் மைனஸ் இருநூற்று அறுபது. அதற்கடுத்த வரியில் ஆயிரத்து இருபது. டம்ளர் கையிலேயே ஆறிப்போனது. கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தார். ஒரு தப்பும் இல்லை.

கழுத்தில் அளவு நாடாவோடு வந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"பன்னெண்டு மணிக்குக் கண்ணாடி உறைஞ்சு போகுது. ஒரு மணிக்குக் கொதிக்குது."

"யாரும் அடுப்பு பத்த வைக்காமலா?"

"வைக்காமத்தான்."

"எப்படிப் போட்டீங்க?"

சொன்னார். அவள் ரவிக்கைத் துணி அளப்பதுபோல் அந்த வரிகளை விரலால் அளந்தாள்.

"ரெண்டு பக்கத்து வீட்டுக்காரி பேச்சையும் முழுசாக் கேட்டுட்டு, சொந்த புத்தியை வேற கழிச்சுட்டா, அந்தக் குடும்பம் என்னங்க ஆகும்? இன்னிக்குச் சிரிக்கும், நாளைக்கு அழும், நாளன்னிக்கு ரெண்டு மடங்கா சிரிக்கும்."

தசமம் நெற்றியில் அடித்துக்கொண்டார். படித்த காலத்தில் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய பாடம் அது. தாவு பெரிதானால் கணக்கு தறிகெட்டு ஆடும், தாவு இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று எல்லை போட்டு நிரூபித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்.

மணி ஒன்பது நாற்பது. கொட்டகைக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. பத்து மணித் திறப்பைப் பார்க்க ஜன்னலை வாங்கப்போகிறவர்கள் வந்திருப்பார்கள், எல்லாரும் கதவடியில் நிற்பார்கள். ஸ்கூட்டரை மனைவிதான் ஓட்டினாள். தசமம் ஓட்டினால் வேகமானி முள்ளைத்தான் பார்ப்பார், சாலையைப் பார்க்க மாட்டார்.

"கொஞ்சம் வேகமாப் போயேன்."

"தாவினதெல்லாம் போதும். வாயை மூடிட்டுப் பின்னால உக்காருங்க."

போய்ச் சேர்ந்தபோது பத்து அடித்து ஐந்து நிமிஷம். சூளைக் கதவு மூடியே இருந்தது. அதன் முன்னால் வாங்குகிறவர்கள் மூன்று பேர் பாதுகாப்புத் தொப்பியோடு வியர்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா சாவி வச்சிருக்கற ஆளு, இன்னிக்குப் பார்த்துத் தொலைச்சேன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு எழுத்து மூலமா பதில் வேணும்."

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, "இங்கதான் சார் வச்சேன்" என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். குனிந்த வாக்கில் தசமத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

தசமத்துக்கு மூச்சு வந்தது. பாளம் பிழைத்தது. இனி ஒன்றும் பேச வேண்டாம். மச்சான் சாயங்காலம்வரை தேடுவார், பாளம் ஆறிவிடும், பேக்கிங்கும் வைக்கோலும் யாருக்கோ. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

மச்சான் இன்னொரு தடவை மேசைக்கு அடியில் நுழைந்தார். முட்டி வலிக்காரர். எழும்போது மேசைக்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"சார், சாவி கிடைச்சாலும் திறக்கக் கூடாது. நான் போட்ட கணக்கு தப்பு" என்றார் தசமம்.

"எவ்வளவு தப்பு?"

"ஒரு மணி வரியில, நடுக்கட்டத்துக்குப் பக்கத்துல மைனஸ் எழுநூத்தி நாப்பது வருது."

"அவ்வளவு குளிரு எங்கய்யா இருக்கு?"

"எங்கயும் இல்ல, சார்."

வாங்க வந்தவர்களில் ஒருவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியான கணக்கு எப்போ கிடைக்கும்?" என்றார். குரலில் வைக்கோல் வாசனை அடித்தது.

சூளை ஓரத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார் தசமம். கால் மணிக்கு ஒரு வரி. மனைவி பக்கத்துக் கட்டங்களை வாசிக்க, அவர் பாதியும் காலுமாகக் கூட்டினார். ஒரு வரியும் துள்ளவில்லை. நல்ல வீட்டுப் பிள்ளைகள்போல எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. முப்பத்தாறாம் வரியில் நடுவயிறு எழுபதுக்குக் கீழே வந்தது. ஏழு மணியோடு ஒன்பது மணி நேரம். சாயங்காலம் நாலு.

நாலு மணிக்கு மச்சான் தன் டிபன் டப்பாவின் மேலடுக்கைத் திறந்து, சோற்றுப் பருக்கை ஒட்டிய சாவியை எடுத்தார். மேனேஜர் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தார். கதவு திறந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. பாளம் முழுசாக, அதன் வழியே அந்தப் பக்கத்துச் சுவர் பச்சையாகத் தெரிய, நின்றது.

"இந்தத் தடவை கால் மணிக் கணக்கு" என்றார் மேனேஜர். "அடுத்த தடவையும் கால் மணிக் கணக்கு." சொல்லிவிட்டு வாங்க வந்தவர்களோடு நடந்தார். பேக்கிங் என்ற சொல் வரவில்லை.

தசமம் மச்சானை ஓரமாக இழுத்தார். "கணக்கு தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? போன பாளம் போனதுலேர்ந்து, நீங்க எந்த நேரம் சொன்னாலும் அதோட ஒரு ஆறு மணி நேரம் சேர்த்துக்கறது. பத்தும் ஆறும் பதினாறு."

"அப்ப எம்மேல நம்பிக்கையே இல்லையா, மச்சான்?"

"யார் சொன்னா? இருக்கு, மாப்ளே. ஆறு மணி நேரம் கழிச்சு இருக்கு."

தசமம் நோட்டைப் பிரித்து முப்பத்தாறாம் வரியை ஒரு தடவை பார்த்தார். அறுபத்தொன்பது புள்ளி ஏழு. அதை மச்சானிடம் காட்டலாமா என்று யோசித்தார். அதற்குள் மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். வீட்டில் தையல் இயந்திரம் இன்னும் பழைய இடத்திலேயே இருந்தது.