பூங்காப் பீரங்கியின் ஆரக்கால்கள்

என் கணவர் ஹெட்லிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். எங்கள் யார்க்ஷையர் ஊரில், நிஜ இயந்திரங்களைக் குட்டியாகச் செய்து பார்ப்பவர்களின் மாதிரிப்பொறிச் சங்கம் ஆண்டுதோறும் தரும் கோப்பையை ஒருமுறையாவது வாங்கிவிட வேண்டும். அதற்காக, பூங்காவில் புறா எச்சத்தோடு நிற்கும் பழைய பீரங்கியை மழையில் நனைந்தபடி அங்குலம் அங்குலமாக அளந்தார். ஆறில் ஒரு பங்கு அளவில் அதை அப்படியே செய்தார். போலீஸ் அனுமதியோடு சிட்டிகை வெடிமருந்து வைத்துச் சுட்டால், பட்டாணி அளவு குண்டு பிஸ்கட் டப்பாவைத் துளைத்துக்கொண்டு போகும். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை.

சங்கத் தலைவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில்தான் நடுவர். அவர் எதையாவது செய்து முடித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதில் மட்டும் மனிதர் கைதேர்ந்தவர்.

"நல்லாத்தான் இருக்கு, ஹெட்லி. வரைபடம் எங்க?"

"நிஜப் பீரங்கியையே அளந்து செஞ்சேன்."

"அது சரிப்பா. நான் எதை வச்சு சரிபார்க்கிறது?"

"பூங்கா பக்கத்துலதான இருக்கு. நடந்தே போயிடலாம்."

"வரைபடம் இல்லேன்னா மார்க் இல்ல."

அந்த வருடக் கோப்பை ஒரு குட்டி ரோடு ரோலருக்குப் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வரைபடத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி ஆறிப்போகும். இவர் ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கெஞ்சி எழுதிக்கொண்டிருப்பார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்தால் எல்லோரும் துக்கம் விசாரிக்கப் போவார்கள். விதவை ஊற்றித் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, அப்படியே இறந்தவர் பட்டறையாக வைத்திருந்த கார் கொட்டகைக்குள் நுழைந்து அவருடைய லேத் இயந்திரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கிழவர் ஆம்ப்ரோஸ் போனபோதும் அதுதான் நடந்தது. அவருடைய திருகாணிப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாள், சாட்சாத் அந்தப் பீரங்கியின் வரைபடம். ஹெட்லி அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார்.

சமையலறை மேசையில் விரித்ததும் முகம் தொங்கிவிட்டது.

"சக்கரத்துல பதினாலு ஆரக்கால் போட்டிருக்கு, கண்ணு."

"பூங்காவுல பன்னெண்டுதானே?"

"பன்னெண்டுதான். நானே எண்ணினேன்."

"அப்போ படம் தப்பு."

"படம் எப்படி தப்பாகும்?"

தேவாலயத்தில் துப்பியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, தன் கையால் செய்த அழகான சக்கரங்களை உடைத்துவிட்டு, பதினாலு ஆரக்காலோடு புதிதாகச் செய்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது.

அடுத்த போட்டியில் டெஸ்மண்ட் பென்சில் முனையால் ஆரக்கால்களை எண்ணி, தலையசைத்து, கோப்பையைக் கொடுத்தார். ஹெட்லி அழுதேவிட்டார்.

போன வாரம் நகர சபைக்கு ஒரு மனு தயாரானது. பூங்காப் பீரங்கியின் சக்கரங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை, உடனே திருத்த வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. முதல் கையெழுத்து ஹெட்லியுடையது. மனுவை என்னிடமும் நீட்டினார்.

"மழையில நனைஞ்சு நீயே அளந்தியே, ஹெட்லி. அது பொய்யா?"

"அப்போ எங்கிட்ட படம் இல்லியே, கண்ணு" என்றார்.