மூன்றாம் மாடி வண்டி

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மூன்றாம் மாடி லிஃப்ட் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. முதியோர் இல்லத்தில் யாருக்கும் எந்த அவசரமும் கிடையாது. ஆனால் லிஃப்ட் கதவு திறந்தால் மட்டும் எல்லோருக்கும் காலில் சக்கரம் முளைத்துவிடும். புதிதாக வந்திருந்த கண்டக்டர் சுவரோடு சுவராக நின்றார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வந்த நாள் முதல் அறைக்கே தட்டை வரவழைத்துச் சாப்பிட்டவர். "பிடிக்கலன்னா ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிடறேம்ப்பா. அதுக்குள்ள ஒரு தடவையாவது கீழ போயி நாலு பேரோட சாப்பிடுங்க" என்று மகள் போனில் கெஞ்சியதால்தான் வேண்டாவெறுப்பாகக் கிளம்பியிருந்தார். மகளுக்கு வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. அங்கே போனாலும் நாள் முழுக்கச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அது தெரிந்த சுவர்.

ஏறியவர்கள் வாசலிலேயே நந்தி மாதிரி நின்றார்கள். பின்னால் பாதி இடம் காலி. கைத்தடிகள் சிக்கி, கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உள்ள எடம் காலியா கெடக்கு, படியில என்ன தொங்கல்? யோவ் பெருசு, தள்ளி நில்லு! அம்மா, அந்த வாக்கர மடக்குங்க! ம்... போலாம், ரைட்!"

கதவு ஒழுங்காக மூடியது. உள்ளே ஒருவர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். 'பெருசு' என்று அவர் அதட்டிய தையல்காரர் அவரைவிட இளையவர். மானம் போயிற்று, இன்றைக்கே பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தார்.

அப்போது, சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்த கணக்கு டீச்சர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். "கண்டக்டர், சாப்பாட்டு ரூம் வந்தா எழுப்புங்க. நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் லிஃப்டே குலுங்கியது.

அதன்பிறகு கண்டக்டர் இல்லாமல் வண்டி நகரவில்லை. கால் வலி என்று போர்த்திப் படுத்த தையல்காரரை, "பாஸ் இருந்தும் ஏறலன்னா எப்படி?" என்று கதவைத் தட்டிக் கிளப்பிக் கூட்டிவந்தார். அவருக்கே பசி எடுக்க ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது லிஃப்ட் நிறைந்திருந்தது. "அப்பா, கெளம்பலாமா?" என்று அவள் ஒரு காலை உள்ளே வைத்ததும் பாரம் தாங்காமல் மணி கத்தியது. உள்ளே எல்லோரும் கண்டக்டர் முகத்தையே பார்த்தார்கள். தையல்காரரின் கை அவர் தோளில் ஊன்றியிருந்தது.

"எடமில்லம்மா" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ சின்னப் புள்ள, படியில எறங்கி வா. எங்க மேசையில ஒனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்றேன்."

கதவு மூடியது. லிஃப்ட் இறங்க இறங்க, சுவருக்கு அந்தப்புறம் அவளுடைய செருப்புச் சத்தமும் தடதடவென்று கூடவே இறங்கிக்கொண்டிருந்தது.