பதினைந்துக்குப் பின் பதினான்கு

மனித அறிவின் சரித்திரத்தில் தனி அத்தியாயமே ஒதுக்கத் தகுந்த மகத்தான சங்கதி இது: 1925-இல், மலாயாவில் செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி மரியநாதன் சுட்டுவிரலால் ஒரு மரச்சில்லைத் தள்ளினார், கருப்பாயியின் வீடு நகர்ந்தது.

சில்லு, ஜொகூர் பாருவில் வாங்கிய விளையாட்டுப் பெட்டியில் இருந்தது. நாலுக்கு நாலு கட்டம், எண் போட்ட பதினைந்து சில்லுகள், கடைசி மூலை காலி. பதினான்கும் பதினைந்தும் மட்டும் இடம் மாறியிருக்கும். வெளியே எடுக்காமல் தள்ளித் தள்ளியே வரிசைப்படுத்த வேண்டும். தோட்டத்திலும் நாலு வரிசையில் பதினைந்து வீடுகள், ஓரத்தில் ஒரு காலி மனை. பெட்டி வந்த மறுநாள் காலை பதினான்காம் வீடும் பதினைந்தாம் வீடும் இடம் மாறி நின்றன. அதற்குப் பிறகு பெட்டியில் சில்லு நகர்ந்தால் வெளியே வீடு நகர்ந்தது. அடுப்பிலிருந்த கஞ்சி சிந்தவில்லை. ரப்பர் விலை ஏறிக்கிடந்த வருடம், ஜனங்களுக்குப் பேச வேறு விஷயம் இருந்தது. கிராணி பெட்டியைத் திறந்தால் கோழிகளைக் கட்டிப்போடப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பதினான்காம் வீட்டுக் கருப்பாயிக்குத்தான் பொறுக்கவில்லை. வீடு போனது, பின்னால் அவள் வைத்த முருங்கை போகவில்லை. புருஷன் செத்த பிறகு அவள் பிள்ளைகளுக்குக் கறி என்று இருந்ததே அந்த மரந்தான். இப்போது அது பதினைந்தாம் வீட்டுச் செல்லப்பனுக்குப் பின்னால் காய்த்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைப் பழைய இடத்தில் வைத்துவிடுவதாகக் கிராணி வாக்குக் கொடுத்தார். அதை நம்பி அவள் வேறு மரம் வைக்கவில்லை.

ஞாயிறுகள் போயின. நிலம் அளக்க வந்த சர்வேயர் மூர்த்தி, தரையில் கரியால் கட்டம் போட்டுக் காட்டினார். கட்டங்களுக்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும் பூசினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் காலியிடம் நிறம் மாறும். ஆகவே இரட்டைப்படைத் தள்ளலில்தான் அது பழைய மூலைக்குத் திரும்பும். ஒரு ஜோடி மட்டும் இடம் மாறவோ ஒற்றைப்படை வேண்டும். ஆண்டவனே உட்கார்ந்து தள்ளினாலும் நடக்காது. அது டவுன் கணக்கு, தோட்டத்துக்குச் செல்லாது என்று கிராணி தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாம் வருடம் கருப்பாயி செல்லப்பனைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"வீடு நகர வேணாம் கிராணி ஐயா. நானும் செல்லப்பண்ணனும் சட்டிபானையத் தூக்கிட்டு மாறிக்கிறோம். அண்ணனுக்குச் சம்மதம்."

"மாறிக்குவீங்களா?" என்றார் மரியநாதன். "அப்புறம் இங்க கிராணின்னு ஒருத்தன் எதுக்கு?"

அனுமதி இல்லாமல் யாரும் வீடு மாறக் கூடாது என்பது தோட்டச் சட்டம். அனுமதி கொடுக்க வேண்டியவர் மரியநாதன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி தள்ள ஆரம்பித்தார். அன்று சாயங்காலத்துக்குள் கருப்பாயி வீடு தோட்டத்தையே இரண்டு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது.

அந்த வருடக் கடைசி மழையில் முருங்கை முறிந்து விழுந்தது. லயத்துப் பதினைந்து வீடுகளும் கீரை ஆய்ந்தன. கருப்பாயி அதில் ஒரு கிளைப் போத்தை வெட்டி, இப்போது வீடு நின்ற இடத்துக்குப் பின்னால் நட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆபீஸ் பக்கம் போகவில்லை.

புகார் நின்றுவிட்டதால் கணக்கு தீர்ந்துவிட்டதாக மரியநாதன் துரையிடம் அறிவித்தார். துரை அவரைப் பெரிய கிராணி ஆக்கினார்.