போல்மனின் குறையற்ற தகடுகள்

தெற்கே வேறோர் ஊரில் கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று, காலைக் காப்பியோடு செய்தித்தாளில் படித்தார் பேராசிரியர் ஆரெண்ட்ஸ். மூடிய பெட்டியையும் ஊடுருவி, உள்ளிருக்கும் ஒளிப்படத் தகட்டில் நிழல் பதிக்கும் கதிராம். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு மனைவியைக் கூவி அழைத்தார்.

"மல்வினா! போன கோடையில ஆய்வுக்கூடத்துல மின்குழாய்ப் பக்கத்துல தகட்டுப் பெட்டி இருந்துச்சே, மேல சாவி வெச்சிருந்தேனே. பிரிச்சுப் பார்த்தா தகட்டுல சாவியோட நிழல் விழுந்திருந்துச்சே!"

"மறக்குமா? கெட்ட சரக்கை என் தலையில கட்டிட்டான்னு தெருவே கேக்கத் திட்டி, தகட்டைத் திருப்பிக் குடுத்தீங்க. போட்டோக்கார போல்மன் இன்னும் சர்ச்சுல என்னைப் பார்த்து முறைக்கிறாரு."

அந்தத் தகடு மட்டும் கைக்கு வந்தால், கதிரை முதலில் கண்டவர் தாமே என்று உலகம் ஒப்புக்கொண்டாக வேண்டும். இல்லையேல், மருந்துக்கடை வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இயற்பியல் போதித்தே காலம் கழிய வேண்டும். பனியில் தொப்பியின்றியே போல்மன் கடைக்கு ஓடினார்.

"வாங்க, பேராசிரியர் ஐயா! திருப்பிக் குடுக்க இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்கா?" என்றார் போல்மன்.

"அந்தச் சாவித் தகடு எங்கே?"

"மேல பூசின மருந்தைச் சுரண்டிட்டு வெறுங்கண்ணாடியா வித்தாச்சு. பாதிரியார் தோட்டத்துல வெள்ளரி நாத்துக்கு மூடியா இருக்கு."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்களாச்சும் பார்த்தீங்கள்ல? சாட்சி சொல்வீங்களா?"

"சாவி பல்லு பல்லாத் தெரிஞ்சுது. உங்க விரல் அழுக்குன்னுல்ல நெனச்சேன்! சொல்றேன் ஐயா. ஆனா நீங்க திட்டுன நாள்லேருந்து பல்கலைக்கழகத்துக்காரன் எவனும் என் படி ஏறல. மொதல்ல பேப்பர்ல போடுங்க: போல்மன் தகட்டுல குறையில்ல, பார்த்தவர்கிட்டதான் குறைன்னு."

பேராசிரியர் பேனாவை எடுத்து அந்த வாசகத்தை எழுதினார். அவமானம் ஒரு வாரம், புகழோ நூற்றாண்டு என்று கணக்கிட்டுக் கையெழுத்திட்டார். சனிக்கிழமை விளம்பரம் வெளிவந்தது. ஊரார் நிழற்படம் எடுக்கச் சாவியும் மோதிரமுமாகப் போல்மன் கடையில் வரிசையில் நின்றனர்.

போல்மனும் வாக்குத் தவறாமல் துறைத்தலைவர் முன்னிலையில் சத்தியம் செய்தார். துறைத்தலைவர் எழுந்து நின்று, பேராசிரியரின் கைகளைப் பற்றிக் குலுக்கினார்.

"ஐயமே இல்லைங்க ஆரெண்ட்ஸ். உலகத்துலயே முதல்ல பார்த்தது நீங்கதான். பிடிக்கலைன்னு திருப்பிக் குடுத்ததும் நீங்க ஒருத்தர்தான். ரெண்டையும் அப்படியே பதிவு பண்ணிடறோம்."