நட்சத்திரம் போட்டாச்சு, வாத்தியம் போடலை

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பில் பிறந்தது. அப்படி எழுதினால் என் வயதுக்கு மரியாதை இல்லை. 'நேர்ந்த தப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வினோதினி சாக்ஸபோன் ஊதினால் கடலூர் துறைமுகத்துப் படகெல்லாம் தானாகவே கரைக்கு...'

அடித்துவிட்டேன். ஒரு படகுதான் திரும்பியது. (அதுவும் டீசல் தீரப்போகிறது என்று.)

2

வினோதினி என் அக்கா மகள். கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறாள். எப்போதும் பந்திக்குப் பக்கத்தில்தான் இடம்; அவள் கச்சேரியை அதிகம் கேட்டது சாம்பார் வாளி. தன் பெயர் போட்ட மேடையில் ஒரு மணி நேரம் வாசிக்க ஆசை. சிதம்பரத்து இசை விழா ஒன்றில் ஒரே ஓர் இடம் காலி; கேட்டிருந்தாள்.

இன்றைக்கு வாத்தியக்காரருக்கு வாசிப்பு மட்டும் போதாது. வீடியோ வெட்ட வேண்டும், மைக் செட்காரரிடம் சிரிக்க வேண்டும், 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று புரிய வேண்டும். பதினேழு திறமைகள் எண்ணினேன். பதினெட்டாவது: ஓய்வு பெற்ற மாமாவிடம் போனைக் கொடுக்காமல் இருப்பது.

3

அன்று அவள் ஒரு முகூர்த்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். போன் என்னிடம். விழாச் செயலாளர் ராமாமிர்தம் செய்தி அனுப்பினார்: 'பன்னிரண்டு மணிக்குள் பயோடேட்டா தேவை.'

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஒரு பைல் தேடுவது பெரிய காரியமா? 'வினோதினி பயோடேட்டா' என்றே இருந்தது. அனுப்பினேன்.*

(* அவள் அம்மா கல்யாணத் தரகருக்காகத் தயாரித்தது. நட்சத்திரம் சுவாதி. நிறம் மாநிறம். 'குடிப்பழக்கம் இல்லாத, சொந்த வீடு உள்ள வரன் தேவை.')

4

பந்தி நடக்கும்போது போனைப் பார்த்தாள்.

"மாமா, என்னாத்த அனுப்பினீங்க?"

"பயோடேட்டாம்மா."

"சமையல் தெரியும்னு இருக்குது. சாக்ஸபோன்னு ஒரு வார்த்த இருக்குதா?"

"ஜாதகம் சுத்தம்னு போட்டிருக்குதே..."

"கொஞ்சம் பேசாம இருங்க மாமா!"

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்?" என்றாள். உண்மைதான், முறைத்தாள். மண்டபத்து வாழைமரம் வாடியது.)

ராமாமிர்தமே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, நட்சத்திரம் போட்டாச்சு, வாத்தியம் போடலியே?"

அவள் போனை என் கையில் திணித்துவிட்டு சாக்ஸபோனில் மோகன ராகத்தை எடுத்தாள். நான்கு மணி நேரம் வாசித்தாள். (சரி, நான்கு நிமிடம்.) பந்தியில் ஒருவர், "ரசம் அப்பறம் ஊத்துய்யா, கேக்க வுடு!" என்று அதட்டினார்.

ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குதும்மா. ஞாயித்துக்கெழமை நானும் எம் பையனும் வூட்டுக்கு வர்றோம். அவந்தான் விழாவுக்கு மைக் பாக்கறான். நேர்ல ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்."

வைத்துவிட்டார்.

5

இது விழாவுக்கா, பெண் பார்க்கவா? இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் மேடை, இன்னொன்றில் மணமேடை. இரண்டையும் வினோதினி கிழித்தாள்.

இன்று ஞாயிறு. அக்கா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிறாள். வினோதினி கூடத்தில் மைக் நட்டுவிட்டாள். புதுப் பயோடேட்டாவும் அவளே எழுதியிருக்கிறாள். கடைசி வரி: 'பந்திக்கு எட்டாத, சொந்த மைக் உள்ள மேடை தேவை.'

வாசலில் கார். அந்தப் பையன் கையில் இருப்பது பூச்சரமா, மைக் ஒயரா? என் கண்ணாடியைக் காணோம். உள்ளே மோகனம் தொடங்கிவிட்டது. நீங்கள்தான் கிட்டே இருக்கிறீர்கள். கொஞ்சம் கதவைத் திறந்து பார்த்துச் சொல்லுங்களேன்.