மெட்டே விளையாடாத இறுதிப்போட்டி

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஆனந்தராஜா அண்ணை தந்த வேலை. "என்ர மேள் கப் அடிச்சிட்டாள். கோயில் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. வாசிக்கிற பிள்ளையளுக்கு உற்சாகம் வரவேணும்" என்றார். ஓம் என்று சொல்லித் தொலைத்தேன். என் வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

அவருடைய மகள் சுஜீதா, இங்கே பிரெடெரிசியா நகரில் ஒரு கல்லூரியில் பெண்களுக்கு லக்ரோஸ் பழக்குகிறாள். தடியின் நுனியில் ஒரு வலை, அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி எறிகிற விளையாட்டு. மூன்று வருடத்துக்கு முன் அங்கே அப்படியோர் அணியே இல்லை. இப்போது கல்லூரிகளுக்கான கிண்ணம் அவள் கையில்.

2

முதல் தொடக்கம்: "வெற்றி என்பது விடாமுயற்சியின்..."

சீ! மலரில் ஏற்கெனவே நாலு பேர் இதை எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது: "அணிக்கு ஆள் கேட்டு விளம்பரம் ஒட்டிய முதல் கிழமை. நவம்பர் மழை. ஒரு பை பந்துகளோடு சுஜீதா மைதானத்தில் நின்றாள். ஒருவரும் வரவில்லை. போவோம் என்று திரும்பியபோது சைக்கிளில் இந்த நாட்டுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மெட்டே. கொஞ்சம் பருத்த பிள்ளை, ஓட்டம் மெதுவு. 'நான் மட்டுந்தானா?' என்று கேட்டுவிட்டுத் தடியை எடுத்தாள்."

இது இருக்கட்டும். வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் சேர்த்தவளும், அறுந்த வலைகளைக் கட்டியவளும் இந்த மெட்டேதான்.

3

இங்கேதான் சுஜீதாவில் எனக்குச் சந்தேகம் வந்தது. (கதாநாயகியில் சந்தேகம் வந்தால் மலருக்கு எழுதக் கூடாது.)

இறுதிப்போட்டிக்கு முதல் நாள் அணியை வரிசையாக நிற்கவைத்து, முதலாம் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளைவரை திறமைப்படி இடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழாவில் செய்கிறோமே, அப்படியே.* ஏழாம் வகுப்புவரை புள்ளியே போடாத நாட்டில்! கடைசி இடம் மெட்டேக்கு. நாளைக்கு அவள் வெளியில்.

"ஏன் பிள்ளை, எல்லாருக்கும் முன்னால?" என்று அவளிடமே கேட்டேன்.

"உண்மையைத்தானே மாமா சொன்னனான். நான் கடைசியா வந்த நேரம் என்ர பேரையும் மேடையில வாசிச்சவை. அந்தக் கோவத்திலதான் நான் முன்னுக்கு வந்தனான்."

"மெட்டே என்ன செய்தவள்?"

"சிரிச்சவள். அதுதான் மாமா எனக்கு..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

* மேடையில் வாசிக்கிறவர் ஆனந்தராஜா அண்ணைதான். மலரில் இந்த வரியை வெட்டிவிடுவார்கள்.

4

வென்றார்கள். ஒரு கோல் வித்தியாசம். (விவரிக்க மனமில்லை.) மெட்டே வெளியில் நின்று எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாள். படம் எடுக்கும்போது ஆளைக் காணவில்லை.

அடுத்த கிழமை பிள்ளைகள் வட்டமாக இருந்து கதைத்தார்கள். இங்கே எதற்கும் அப்படித்தான். "இப்படி வெல்ல எங்களுக்கு விருப்பமில்லை" என்று சுஜீதாவின் மூஞ்சிக்கு நேரே சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கும் மெட்டே வரவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பயிற்சிக்கு வராமல் விட்டார்கள். கிண்ணம் இருக்கிறது, அணி இல்லை.

5

முடிவு ஒன்று (மலருக்கு): சுஜீதா கிண்ணத்தோடு சிரிக்கிறாள். பச்சைப் பொய்.

முடிவு இரண்டு: மெட்டேயின் வாசலில் மன்னிப்பு, கட்டிப்பிடித்து அழுகை. சினிமாவில் நடக்கும். சுஜீதா மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியை மெட்டே பார்த்துவிட்டாள். பதிலில்லை.

ஆனந்தராஜா அண்ணை போனில் வந்தார். "என்ன, முடிஞ்சுதே? கடைசி சந்தோசமா இருக்கட்டும்."

"பாப்பம் அண்ணை."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை, அதே மைதானம், அதே மழை. பந்துப் பையோடு சுஜீதா தனியே நிற்கிறாள். தெருவில் ஒரு சைக்கிள் விளக்கு வருகிறது. மைதான வாசலடியில் வேகம் குறைகிறது. அதில்...

யாரென்று நான் எழுத மாட்டேன். மெட்டே என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த பிள்ளை அவள். இன்னொரு தரம் அவளை மழையில் வரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு மனம் வந்தால் அவளை அனுப்பிவையுங்கள். ஒன்று மட்டும், இந்த முறை அவளை விளையாட விடுங்கள்.